தொண்டு நிறுவனத்துக்கு மூன்றாண்டுத் திட்டம் போட்டுத் தரும் சேவை: எடுத்துப் பார்த்த பிறகு

தொண்டு நிறுவனங்களுக்குத் திட்டமிடல் ஆய்வு செய்து, மூன்றாண்டுக்கோ ஐந்தாண்டுக்கோ திட்டம் எழுதிக் கொடுக்கும் ஆலோசனைக் குழு ஒன்றைப் புதுச்சேரியிலிருந்து எங்கள் அறக்கட்டளை அமர்த்தியது. நாங்கள் கடலூரில் இருக்கிறோம். வேலை கடலூர், பரங்கிப்பேட்டை பக்கமும், எல்லையைத் தாண்டிப் புதுச்சேரியின் பாகூர் பக்கமும். குழுவின் பெயரைப் போடாமல்தான் எழுதுகிறேன். குறைகளும் சொல்லப் போகிறேன் என்பது ஒரு காரணம், இதே சேவையை இன்னும் பலர் தருகிறார்கள் என்பது இன்னொன்று. யாரிடம் போனாலும் எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை என்று தெரிந்தால் சின்ன நிறுவனங்களுக்கு உதவியாக இருக்கும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆய்வுப் பகுதி அருமை, அதற்குக் கொடுத்த ஒவ்வொரு ரூபாயும் தகும். கடைசியில் தந்த அறிக்கை அந்த அளவுக்கு இல்லை. நடுவில் சில இடங்களில் நாங்கள் பிடிவாதம் பிடித்ததால்தான் வேலை சரியாக வந்தது.

சேவையின் அமைப்பு எளிமையானது. முதலில் தலைவர், அறங்காவலர்கள், களப்பணியாளர்கள் எல்லோரிடமும் தனித்தனியாகப் பேசுகிறார்கள். பிறகு புதுச்சேரியில் ஓர் அரங்கில் எல்லோரையும் உட்கார வைத்துப் பட்டறை. அப்புறம் நம் கணக்கையும் பதிவேடுகளையும் வாங்கிக்கொண்டு போய் ஆய்வு, கடைசியில் அறிக்கையும் செயல்திட்டமும். அரங்கு, சாப்பாடு, நேரம் காப்பது எல்லாம் நன்றாகவே இருந்தது. கடலூரிலிருந்து பஸ் ஏறி வரும் பெண் பணியாளர்கள் இருட்டுவதற்குள் வீடு திரும்பும்படி நேரம் வைத்தார்கள், கேட்காமலே. அது எனக்குப் பிடித்தது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நான்கு கட்டம் போட்டு நிரப்பும் ஸ்வாட் ஆய்வை என்ஜிஓ வட்டத்தில் செய்யாதவர்கள் கிடையாது. சார்ட் பேப்பரை ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவைக் கையில் கொடுத்தால் எல்லா நிறுவனமும் ஒரே மாதிரிதான் எழுதும். பலம் என்றால் 'அர்ப்பணிப்புள்ள பணியாளர்கள்', 'மக்களிடம் நல்ல பெயர்'. பலவீனம் என்றால் 'நிதிப் பற்றாக்குறை'. வாய்ப்பு என்றால் 'சிஎஸ்ஆர் நிதி', அதாவது கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்கென்று ஒதுக்கும் பணம். இதை எழுதி முடித்துக் கைதட்டி போட்டோ எடுத்துக்கொண்டு போனால் எந்த முடிவும் பிறக்காது, ஏனென்றால் அதில் எங்கள் ஊரும் இல்லை எங்கள் வேலையும் இல்லை. இந்தக் குழு அங்கேதான் வித்தியாசம் காட்டியது. நடத்திய மேடம் ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் கேட்டார். மக்களிடம் நல்ல பெயர் என்று எங்கள் ஒருங்கிணைப்பாளர் எழுதியதும், "சரி சார், போன வருஷம் நீங்க கூப்பிடாம அவங்களா உங்க ஆபீஸைத் தேடி வந்தது எத்தனை பேர், எதுக்கு வந்தாங்க? வருகைப் பதிவேடு இருக்கா?" என்று கேட்டார். பதிவேடு இருந்தது. அதை எடுத்துப் பார்த்தால்தான் தெரிகிறது, எங்கள் பெரிய புராஜெக்டுகளுக்காக வந்தவர்களைவிட, சான்றிதழ், மனு, வங்கிக் கணக்குச் சிக்கல் என்று வந்தவர்கள்தான் அதிகம்.

ஆதாரம் இல்லாத வரிகளை அடித்துவிட்டார்கள். மிஞ்சிய வரிகள் கொஞ்சம்தான், ஆனால் அதை வைத்து முடிவெடுக்க முடிந்தது. அதோடு நிற்காமல், ஒரு பலத்தையும் ஒரு அச்சுறுத்தலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'இதை வைத்து அதை எப்படிச் சமாளிப்பது' என்று கேள்வி போட்டார்கள். இது டௌஸ் என்ற பெயரில் 1982-லேயே எழுதப்பட்ட முறைதான், புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. ஆனாலும் நான் பார்த்த பட்டறைகளில் ஸ்வாட்டோடு நிறுத்திவிடுவார்கள். இந்த அடுத்த படியை எடுக்க வைத்தவர்கள் இவர்கள்தான்.

இதைவிடப் பெரிய பயன் தந்தது, திட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் செலவையும் பயனையும் ஒரே தாளில் வரைந்தது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஆலோசகர் யாரும் இல்லாமல் நீங்களே செய்துகொள்ளக்கூடிய வேலை இது. முதலில் நிறுவனம் செய்யும் வேலை எல்லாவற்றையும் எழுத வேண்டும். புராஜெக்ட் பெயர் இருக்கிறதோ இல்லையோ, பணியாளரின் நேரம் எங்கே போகிறதோ அதெல்லாம் வேலை. பிறகு ஒவ்வொன்றுக்கும் நேரடிச் செலவு. அதற்கு மேல் அலுவலக வாடகை, கணக்காளர் சம்பளம், ஆடிட்டர் கட்டணம், வண்டி பெட்ரோல் இதையெல்லாம் பணியாளர்கள் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போட்டார்கள் என்ற விகிதத்தில் பிரித்துச் சேர்க்க வேண்டும். அடுத்து அந்த வேலைக்கென்றே வரும் பணம் எவ்வளவு என்று பார்த்து, மிச்சமா பற்றாக்குறையா என்று குறிக்க வேண்டும். கடைசியாகப் பயனுக்கு மதிப்பெண்: நம் நோக்கத்தோடு எவ்வளவு ஒட்டுகிறது, யாருக்குப் போய்ச் சேருகிறது, எவ்வளவு ஆழமான மாற்றம், நாம் செய்யாவிட்டால் வேறு யாராவது செய்வார்களா. மேலே கீழே பயன், இடம் வலம் பணம் என்று தாளில் வைத்தால் எல்லா வேலையும் நான்கு மூலைகளில் போய் உட்காரும்.

எங்கள் தாளில் மேல் மூலையில் போய் உட்கார்ந்தது, எங்கள் ஆண்டறிக்கையில் ஒரு பத்திகூட இல்லாத வேலை. கிள்ளை, பரங்கிப்பேட்டை பக்கம் இருளர் குடும்பங்களுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்கித் தர எங்கள் களப்பணியாளர் அக்கா அலைவது. பழங்குடிச் சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில்தான் தர வேண்டும், தாசில்தாரோடு முடிகிற வேலை இல்லை. விசாரணை, பழைய ஆவணம், மறுபடி விசாரணை என்று ஒரு குடும்பத்துக்கு மாதக்கணக்கில் நடக்க வேண்டியிருக்கும். அந்தக் காகிதம் கைக்கு வந்தால் அந்த வீட்டுப் பிள்ளைக்கு உதவித்தொகை, விடுதி, கல்லூரி இட ஒதுக்கீடு எல்லாம் திறக்கிறது. செலவு என்று பார்த்தால் அக்காவின் நேரமும் பஸ் காசும் ஜெராக்ஸும்தான். இதற்கு எந்த ஃபண்டிங் ஏஜென்சியும் புரொபோசல் கேட்டதில்லை. அதனால் திட்டம் என்ற பெயரும் இதற்கு இருந்ததில்லை. அந்த அக்கா தாளைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். எங்கள் தலைவர் ஐயாதான், "இதுக்கு முதல்ல சம்பளத் தலைப்புல ஒரு வரி போடுங்கப்பா" என்றார். போட்டோம்.

மறு மூலையில் மாலை நேரப் படிப்பு மையங்கள். நன்கொடையாளர் தருவது ஆசிரியர்களின் ஊக்கத்தொகையை மட்டும். மேற்பார்வை, பயணம், மையத்தின் மின்கட்டணம், பயிற்சி எல்லாம் பொது நிதியிலிருந்து போயிருக்கிறது. 'வேறு யார் செய்வார்கள்' என்ற கேள்விக்கு வந்தபோது விவாதம் சூடானது. தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, ஊரிலேயே உள்ள தன்னார்வலர், மாலை நேரம். அதாவது எங்கள் மையம் செய்துகொண்டிருந்த அதே வேலை. அந்தத் தன்னார்வலர் இன்றும் வகுப்பு நடத்துகிற ஊரில் நாங்களும் ஏன் ஒரு மையம் வைத்திருக்க வேண்டும்? ஆனால் அதே தாளில் எல்லையைத் தாண்டிப் பார்த்தால் நிலைமை வேறு. பாகூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இல்லம் தேடிக் கல்வி கிடையாது, அதோடு புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டதால் தமிழ்நாட்டுப் பாடப் புத்தகத்தை வைத்து எழுதிய எங்கள் பயிற்சித் தாள் அங்கே பொருந்தவில்லை. வயல்களுக்கு இடையே எல்லை ஓடுகிற பகுதி இது. ஒரே சொந்தக்காரக் குடும்பத்தில் அண்ணன் பிள்ளை ஒரு பாடத்திட்டம், தம்பி பிள்ளை வேறு பாடத்திட்டம். இதை அந்த மேடம் சொல்லித்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம் என்று சொல்ல மாட்டேன், களப்பணியாளர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தெரிந்ததை முடிவெடுக்கும் தாளுக்குக் கொண்டுவந்தது இந்த ஆய்வுமுறை. கடலூர்ப் பக்கத்து மையங்களில் சிலவற்றை மூடிவிட்டு பாகூர்ப் பக்கம் பலப்படுத்துவது என்று முடிவானது. மூடுவது சுலபமாக இல்லை. இரண்டு ஆசிரியைகளுக்கு வேறு வேலை கொடுக்க வழி செய்யும்வரை எங்கள் தலைவர் கையெழுத்துப் போடவில்லை, அது சரியான முடிவு.

இனி குறைகள். முதல் குறை, வெளிச்சூழல் பற்றிய பகுதி. அரசியல், பொருளாதாரம், சமூகம், தொழில்நுட்பம், சட்டம், சுற்றுச்சூழல் என்று தலைப்புப் போட்டு ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி. எங்கே வேண்டுமானாலும் ஒட்டக்கூடிய வரிகள். சென்னையில் உள்ள பெரிய நிறுவனத்துக்கும் அதே பக்கத்தைக் கொடுக்கலாம். எங்களை நேரடியாக அடிக்கிற விஷயம் அதில் இல்லை. வெளிநாட்டு நிதி பெறுவதை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டத்தில் 2020-ல் வந்த திருத்தம் வெளிநாட்டு நிதியை ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுப்பதை நிறுத்திவிட்டது, நிர்வாகச் செலவு வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20-க்கு இறக்கிவிட்டது. பெரிய நிறுவனங்கள் வழியாகப் பணம் பெற்று வேலை செய்த எங்களைப் போன்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அடி என்று இந்தத் துறையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2025-ல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டும் மூடப்பட்டுவிட்டது. இதற்குப் பிறகும் வாய்ப்புகள் கட்டத்தில் 'வெளிநாட்டு நிதியை விரிவாக்கலாம்' என்று முதல் வரைவில் எழுதியிருந்தார்கள். நாங்கள் அடித்துத் திருப்பி அனுப்பினோம்.

சிஎஸ்ஆர் பற்றியும் அப்படித்தான், பொத்தாம்பொதுவாக ஒரு வரி. உண்மையில் அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவுப்படி நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்க வேண்டும். தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. நெய்வேலியும் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையும் உள்ள மாவட்டத்தில் எந்தக் கம்பெனி இந்த வரம்புக்குள் வருகிறது, எந்தெந்த ஊரில் செலவழிக்கிறது, எந்தத் தலைப்பில் செலவழிக்கிறது என்று பட்டியல் போட்டுத் தருவதல்லவா ஆய்வு? அந்தத் தகவலைக் கம்பெனிகளின் ஆண்டறிக்கையிலேயே எடுக்கலாம். கேட்ட பிறகு ஒரு பட்டியல் வந்தது, நன்றாகவும் இருந்தது. அதை நாங்கள் கேட்காமலே செய்திருக்க வேண்டும். அதோடு கம்பெனிப் பணம் வாங்கினால் எங்கள் கடலோர ஊர்களில் அந்தக் கம்பெனியைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதும் ஆய்வில் வர வேண்டும். சிப்காட் புகையோடும் கழிவுநீரோடும் வாழ்கிற ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

இரண்டாவது குறைதான் எனக்குப் பெரிய வருத்தம். அச்சுறுத்தல் கட்டத்தில் 'இயற்கைப் பேரிடர்' என்று இரண்டு சொல், அதோடு முடிந்தது. 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30-ல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய தானே புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் 30 இரவில் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், அதையடுத்துத் தென்பெண்ணையில் வந்த வெள்ளம். இந்தக் கரையில் எவ்வளவு நன்றாகப் போட்ட திட்டமும் ஒரு வடகிழக்குப் பருவமழையில் நின்றுவிடும். எல்லோரும் நிவாரணத்துக்கு ஓடுவோம், ஓடத்தான் வேண்டும். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தால் நன்கொடையாளர் காலாண்டு அறிக்கை கேட்பார். எனவே எங்களுக்குத் திட்டம் என்றால் வெள்ளம் வராத வருஷத்துக்கு ஒன்று, வந்த வருஷத்துக்கு ஒன்று என்று இரண்டு வேண்டும். எந்த வேலையை நிறுத்தலாம், எதை நிறுத்தவே கூடாது, யார் எந்த ஊருக்குப் போவது, கையில் எத்தனை மாதச் சம்பளப் பணம் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

இதைச் சொன்னதும், அவர்கள் நேர்மையாக ஒப்புக்கொண்டு கூடுதலாக ஓர் அமர்வு வைத்தார்கள், அதற்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லை. அந்த அமர்வில் எங்கள் ஆடிட்டரையும் உட்கார வைத்தது நல்லதாகப் போயிற்று. வருமான வரி விலக்கு பெறும் அறக்கட்டளை அந்த ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தைச் செலவழித்தாக வேண்டும், மிச்சம் 15 சதவீதத்தைச் சேர்த்து வைக்கலாம். அதற்கு மேல் சேர்க்க வேண்டுமென்றால் நோக்கத்தைக் குறிப்பிட்டு அதற்கான படிவம் கொடுத்து ஐந்து ஆண்டு வரை வைத்துக்கொள்ளலாம். பேரிடர்க் கையிருப்பை இந்த 15 சதவீதத்திலிருந்து ஆண்டுதோறும் கட்டுவது என்று அன்றைக்கே தீர்மானம் எழுதினோம். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரைக்கு எத்தனை நிறுவனங்கள் வந்தன, பணம் தீர்ந்ததும் எத்தனை கிளம்பிப் போயின என்று பார்த்தவர்கள் எங்கள் அறங்காவலர்கள். தேவைக்கு மேல் படகு கொடுத்த கதையும் தெரியும். யாருக்கு எது வேண்டும் என்று கேட்காமல், வந்த பணத்துக்கு வேலை தேடினால் அப்படித்தான் ஆகும்.

மூன்றாவது குறை, மக்களின் குரல். பட்டறையில் நாங்கள் பேசினோம், அறங்காவலர்கள் பேசினார்கள், மக்கள் பேசவில்லை. 'பயனாளர் கருத்து' என்று கூகுள் படிவம் ஒன்று அனுப்பச் சொன்னார்கள். கையெழுத்துப் போடவே தயங்குகிற பாட்டியிடம் படிவத்தை நிரப்பச் சொல்ல முடியுமா? எங்கள் களப்பணியாளர்கள் பழைய பங்கேற்பு மதிப்பீட்டு முறைக்குப் போகலாம் என்றார்கள். கோலமாவால் தரையில் ஊரை வரைந்து, பருவ நாட்காட்டி போட்டு, எந்த வேலை முக்கியம் என்று புளியங்கொட்டையை அள்ளி வைத்து மதிப்பெண் போடும் முறை. ஆலோசகர்களும் கூடவே வந்து உட்கார்ந்தார்கள், பாராட்ட வேண்டிய விஷயம். பருவ நாட்காட்டியில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவர் குடும்பங்களின் கடன் ஏறுவது வரிசையாகத் தெரிந்தது. பண்ணுருட்டிப் பக்கத்திலிருந்து வந்த குழுப் பெண்களுக்கு அதே மாதங்கள் முந்திரி, பலா என்று கை நிறைய வேலை உள்ள காலம். ஆனால் எங்கள் மகளிர் குழுப் பயிற்சிகள் எல்லா ஊருக்கும் ஒரே மே மாதத்தில். அந்த நாட்காட்டியைப் பார்த்த அன்றே பயிற்சி மாதங்களை ஊருக்கு ஏற்ப மாற்றிவிட்டோம். அறிக்கை வருவதற்குக் காத்திருக்கவில்லை.

அறிக்கை வந்தது, பெரிய புத்தகமாக, வழுவழுப்பான தாளில், முழுக்க ஆங்கிலத்தில். நன்கொடையாளருக்கு அது தேவைப்படலாம், எங்கள் களப்பணியாளர்களில் பெரும்பாலோருக்குப் பயன்படாது. தமிழில் சுருக்கம் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததால் பிறகு ஒன்று கிடைத்தது, அவசரத்தில் செய்தது என்று பார்த்தாலே தெரியும். செயல்திட்டத்தில் முன்னேற்றத்தை அளக்கும் அளவுகோல்கள் ஏராளம். ஒவ்வொன்றையும் மாதாமாதம் அளக்க ஒரு ஆளைத் தனியாகப் போட வேண்டும். பெரும்பாலானவற்றை வெட்டிவிட்டு, ஒரு வேலைக்கு ஒன்றோ இரண்டோ என்று வைத்துக்கொண்டோம். சான்றிதழ் வேலைக்கு, 'மனு கொடுத்த குடும்பங்களில் எத்தனைக்குக் கைக்குச் சான்றிதழ் வந்தது' என்ற ஒரே எண் போதும். விழிப்புணர்வுக் கூட்டம் எத்தனை நடந்தது என்பதெல்லாம் யாருக்கு வேண்டும்?

கட்டணம் குறைவில்லை. சின்ன அறக்கட்டளைக்கு ஒரு களப்பணியாளரின் சில மாதச் சம்பளம் அளவுக்கு வரும். நாங்கள் இதற்கென்று ஒரு நன்கொடையாளரிடம் தனியாகக் கேட்டு வாங்கினோம். அப்படிக் கேட்கலாம், சிலர் தருகிறார்கள். முடியாதவர்கள் முழுச் சேவையை எடுக்க வேண்டாம், செலவு-பயன் தாளையும் ஆதாரம் கேட்கும் அமர்வையும் மட்டும் நடத்தித் தரச் சொல்லலாம். அறிக்கையை நம் ஆட்களே தமிழில் எழுதிக்கொள்ளட்டும், பத்துப் பக்கம் தாராளம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவர்கள் வேறு நிறுவனத்துக்குச் செய்த வெளிச்சூழல் பக்கத்தை, பெயரை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தில் ஒரு ஊர்ப் பெயரோ ஓர் அரசுத் திட்டத்தின் பெயரோ இல்லையென்றால் உங்களுக்கும் அப்படித்தான் வரும். ஊருக்குள் வந்து உட்காருவார்களா என்று கேளுங்கள். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்து எது நடந்தது எது நடக்கவில்லை என்று பார்ப்பது கட்டணத்துக்குள் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் அது இல்லை, போனில் கேட்டால் பதில் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

மறுபடி அமர்த்துவோமா என்றால், நடுவில் ஒருமுறை அந்தத் தாளைத் திரும்ப வரைந்து பார்ப்பதற்கு அதே மேடத்தைத்தான் கூப்பிடுவோம். அடுத்த தடவை அமர்வு கடலூரிலேயே, மழைக்கு முன்னால் செப்டம்பரில், மீனவ ஊரிலிருந்தும் இருளர் குடியிருப்பிலிருந்தும் ஆட்கள் முதல் நாளிலிருந்தே உட்காரும்படி வைக்கச் சொல்லியிருக்கிறோம். சம்மதித்திருக்கிறார்.